கால் எட்டாத கிளை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. சாய்கிறவர்கள் சாய்ந்துகொள்ளலாம், காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். இந்தக் கதையைக் கேட்க நிமிர்ந்துதான் உட்கார வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒரு மலைக்காடு. காட்டுக்கு நடுவே ஓர் ஆறு. ஆற்றங்கரையில் பெரிய நீர்மருது மரம். அந்த மரத்தில் ஒரு கருமந்திக் கூட்டம் குடியிருந்தது.

கூட்டத்தில் ஒரு தாய் மந்தி. பெயர் வெள்ளச்சி. உடம்பெல்லாம் அட்டக்கரி. பெயர் வைக்கிறபோது மந்திகள் அவ்வளவாக யோசிப்பதில்லை.

வெள்ளச்சிக்கு இரண்டு பிள்ளைகள். சின்னது பிறந்து இருபது நாள். எந்நேரமும் அம்மா வயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். மூத்தவள் பெயர் மொச்சை.

மொச்சைக்கு உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காது. ஏறு என்றால் கை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும், வால் தனியாக வேறெங்கோ புறப்படும். பழத்தைப் பிடித்தால் நழுவிவிடும். நழுவாமல் பிடித்தால் நசுங்கிவிடும். உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் முதுகு வளையும். அப்புறம் தலை தொங்கும். அப்புறம் பக்கத்தில் இருக்கிறவர்மேல் சாய்வாள். பக்கத்தில் யாரும் இல்லை என்றால் விழுவாள்.

மற்ற குட்டிகள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தன. "ஈரச்சருகு." ஈரச் சருகை நிமிர்த்தி நிறுத்த முடியாது அல்லவா? அதனால்.

கூட்டத்துக்குத் தலைவர் ஒரு கிழத் தாட்டான், அதாவது கிழட்டு ஆண் மந்தி. பருத்த வயிறு. நல்ல குரல். மொச்சையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார்.

"நிமிரு!"

மொச்சை நிமிர்வாள். நிமிர்ந்த வேகத்தில் பின்பக்கமாக விழுவாள்.

"சோம்பேறி! உடம்பு வளையல. எல்லாம் திமிரு!" என்பார் தாட்டான்.

உடம்பு வளையவில்லை என்பது சரியல்ல. அது வேண்டிய அளவுக்கு மேலேயே வளைந்தது. ஆனால் தலைவரிடம் அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடையில் இக்கரையில் தழை கருகிவிடும். அக்கரையில் பச்சை இருக்கும். அதனால் வெயில் முற்றுவதற்கு முன்னால் கூட்டம் முழுவதும் ஆற்றைத் தாவி அக்கரைக்குப் போய்விடும். பால் மறந்த குட்டிகள் தாமே தாவ வேண்டும். தாவுவதற்கு முந்தி ஒரு சோதனை. அதற்கு உட்காரும் நாள் என்று பெயர்.

நீர்மருதின் ஒரு கிளை ஆற்றுக்கு மேலே நீண்டிருக்கும். வழுவழுப்பான கிளை. அதில் நிமிர்ந்து உட்கார வேண்டும். கையை ஊன்றக் கூடாது. வாலைச் சுற்றக் கூடாது. அப்படியே ஒரு புளியம்பழத்தை ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டையைத் துப்பித் தின்று முடிக்க வேண்டும். முடித்தவர் அக்கரைக்குத் தாவலாம். உட்காரத் தெரிந்தவருக்குத்தான் தாவத் தெரியும் என்பது மந்திகளின் நம்பிக்கை. அதை முதலில் சொன்னது யார், எதற்காகச் சொன்னார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

தோற்ற குட்டி அம்மா வயிற்றில் தொங்கிக்கொண்டு போகலாம்; வேறு யாரும் தூக்கக் கூடாது, அம்மாவும் ஒரு தடவைதான் தாவலாம். வயிற்றில் இடம் இல்லை என்றால் இக்கரையிலேயே இருந்து மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

போன கோடையில் ஒரு குட்டி அப்படி இருந்தது. மழை வந்தது. கூட்டம் திரும்பி வந்தது. குட்டி இல்லை. இக்கரைச் சிறுத்தை மட்டும் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

வெள்ளச்சி வயிற்றில் இப்போது இடம் இல்லை. இருபது நாள் பிள்ளை தொங்குகிறது. மொச்சை ஜெயித்தால் மூவரும் போகலாம். தோற்றால் ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் மூன்று பேரும் சிறுத்தையோடு இருக்க வேண்டும். வெள்ளச்சிக்கு இலை இறங்கவில்லை.

"இன்னும் ரெண்டு பௌர்ணமிதான் இருக்கு. என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள் சடைச்சி. சடைச்சி வெள்ளச்சியின் தங்கை. பிள்ளை பெறாதவள். அதனால் பிள்ளை வளர்ப்பதில் எல்லாம் தெரிந்தவள்.

"எனக்கு என்னடி தெரியும்? நிமிரு நிமிருன்னு தொண்டை கட்டுற மட்டும் சொல்லிட்டேன்."

"வாயால சொன்னா ஆகாது. கொடியால சொல்லணும்!"

சடைச்சி போய் நல்ல முறுக்கான கொடியாகக் கொண்டுவந்தாள். மொச்சையை உட்காரும் கிளைமேல் அடிமரத்தோடு சேர்த்து நிறுத்தி, நெஞ்சில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு போட்டாள். மொச்சை அம்பு மாதிரி நிமிர்ந்து இருந்தாள்.

"பாத்தியாக்கா! இம்புட்டுதான் வேலை!"

வெள்ளச்சிக்கே மனம் நிறைந்துவிட்டது. தாட்டான் வந்து பார்த்தார். "இப்பத்தான் பிள்ளை மாதிரி இருக்கு" என்றார்.

"அம்மா, அரிக்குது" என்றாள் மொச்சை.

"பொறுத்துக்கடி, கண்ணு. எல்லாம் உன் நன்மைக்குத்தான்."

ஏழு நாள் கட்டி வைத்தார்கள். எட்டாம் நாள் காலையில் கூட்டம் கூடியது. சடைச்சி முடிச்சை அவிழ்த்தாள்.

மொச்சை மெதுவாக மடிந்தாள். முதலில் கழுத்து, பிறகு முதுகு, பிறகு முழங்கால். மடிந்து, கிளையில் வழுக்கி, கீழே போய்விட்டாள்.

"கொடி சரியில்ல" என்றாள் சடைச்சி.

மொச்சை ஆற்றில் விழவில்லை. கீழே ஒரு சின்னக் கிளை இருந்தது. அதில் வயிறு மாட்டித் தொங்கினாள். வெள்ளச்சி பதறிக்கொண்டு இறங்கி அவளைத் தூக்கித் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் மரத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"இத்தோட நூத்தி அறுபது."

வெள்ளச்சி திரும்பிப் பார்த்தாள். அடிமரத்தில் மண் பூசி அடைத்த ஒரு பொந்து. நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு கீறல். அந்தக் கீறல் வழியாக ஒரு மஞ்சள் அலகு நீட்டிக்கொண்டிருந்தது.

அது ஓர் இருவாச்சி. பெண் இருவாச்சி முட்டையிடும் காலத்தில் பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்துக் கொஞ்சம் வளருகிற மட்டும் வெளியே வராது. புருஷன் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும்.

"என்னக்கா நூத்தி அறுபது?" என்றாள் வெள்ளச்சி.

"உன் மக விழுந்தது. நான் உள்ள வந்து நாப்பத்தேழு நாளாச்சு. கட்டி வச்ச ஏழு நாளைக் கழிச்சிரு. மிச்ச நாப்பது நாளும் தினம் நாலு தடவை என் சன்னலத் தாண்டி விழறா. வேற எனக்கு என்ன பொழுதுபோக்கு?"

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. பிள்ளைக்கு உடம்பு..."

"உடம்ப விடு. என் சாப்பாட்டப் பேசு! அவ விழற சத்தத்துல எங்க வீட்டுக்காரர் பயந்து போறாரு. பயந்தா எனக்குக் கொண்டுவந்த அத்திப்பழத்த அவரே முழுங்கிடறாரு. ஒரு நாளைக்கு நாலு பழம் போகுது. நான் உள்ள எலும்பும் தோலுமா கிடக்கேன். வெளிய ஒருத்தர் உருண்டு திரண்டு போயிட்டாரு!"

பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்த ஆண் இருவாச்சி வேறு பக்கம் பார்த்தது.

வெள்ளச்சிக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததை எல்லாம் சொன்னாள். உட்காரும் நாள், இருபது நாள் பிள்ளை, சிறுத்தை, கொடி, எல்லாம் சொன்னாள்.

இருவாச்சி கேட்டுவிட்டு, "சரி, நீ அழுது முடி. நான் ஒண்ணு கேக்கணும்" என்றது.

வெள்ளச்சி அழுது முடித்தாள்.

"உன் மக உக்காரும்போது நீ எதப் பாப்ப?"

"முதுகத்தான். நிமிர்ந்திருக்கான்னு பாப்பேன்."

"தாட்டான்?"

"அவரும் முதுகத்தான்."

"உன் தங்கச்சி?"

"எல்லாரும் முதுகத்தான் பாப்போம் அக்கா. வேற எதப் பாக்குறது?"

"என் சன்னலுக்கு முதுகு தெரியாது. அந்த உக்காருற கிளை எனக்கு மேல இருக்கு. எனக்குத் தெரியறது கால் மட்டும்தான். நாப்பத்தேழு நாளா இந்தக் கூட்டத்துக் கால்களத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். யாரு மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. காலைக் காட்டு, ஆளைச் சொல்லிடுவேன்."

வெள்ளச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரிக்கா" என்றாள்.

"பெரியவங்க அந்தக் கிளையில உக்காந்தா கால் எங்க இருக்கும்னு நெனைக்கிற?"

"தொங்கும்."

"தொங்காது! உன் மக இப்ப வயிறு மாட்டித் தொங்கினா பாரு, அந்தச் சின்னக் கிளை. அதுமேல பாதம் ஊணியிருக்கும். உன் கால் ஊணியிருக்கும். தாட்டான் கால் ரெண்டும் ஜம்முனு ஊணியிருக்கும். அவருக்கு இடது காலுல ஒரு மறு இருக்கு. பிள்ளைங்க காலுக்கு அது எட்டாது. அந்தரத்துல ஆடும்."

"ஆனா மத்த பிள்ளைங்க..."

"மத்த பிள்ளைங்க கால் ஆடினாலும் நடு உடம்பு இறுக்கிப் பிடிச்சுக்குது. உன் மகளுக்கு நடு உடம்பு இன்னும் பிடிக்கப் பழகல. கால அந்தரத்துல விட்டா அவ விழாம இருக்குறதே ஒரு வேலை. மூளையும் அங்க, தெம்பும் அங்க. அதுக்கு மேல கைக்குப் புளியம்பழத்தக் குடுத்து, காதுக்கு நிமிருன்னு ஒரு கத்தும் குடுத்தா, எத்தனையத்தான் அவ பாப்பா? நூத்தி அறுபது தடவையில பாதிக்கு மேல, அந்தக் கத்தல் கேட்ட பிறகுதான் விழுந்திருக்கா."

வெள்ளச்சி தன் கையைப் பார்த்தாள். கொடி முறுக்கிய தழும்பு மகள் நெஞ்சில் இருந்தது. கொடியைப் பிடித்துக்கொடுத்தது அந்தக் கை.

"கட்டி வச்சது தப்பாக்கா?"

"கொடி அவளை உக்கார வச்சுது. அவ உடம்பு ஏழு நாள் லீவு எடுத்துக்கிச்சு. லீவு முடிஞ்சு வேலைக்கு வான்னா உடனே வருமா?"

"இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

இருவாச்சி மூன்று காரியம் சொன்னது.

"முதல்ல, காலுக்கு ஒரு பிடிமானம் குடு. அவ எங்க உக்காந்தாலும் பாதம் ஊணணும். ரெண்டாவது, உடம்புக்கு விளையாட்டக் குடு. கொடியப் பிடிச்சு இழுக்கட்டும். கல்லத் தள்ளட்டும். விளாங்காயச் சுமக்கட்டும். நாலு காலுல ஊரட்டும். கொஞ்ச நேரம் போதும். அவளுக்கு அலுக்குறதுக்கு முன்னாடி நிறுத்திடு, அலுத்த பிறகு நிறுத்தாத. அலுத்த உடம்பு தப்பாத்தான் பழகும்."

"மூணாவது?"

"நிமிருன்னு சொல்லாத."

"அதுதானேக்கா கஷ்டம்! என் வாயில அது தன்னால வருதே!"

"வரும்போது ஒரு இலையப் பறிச்சு வாயில போட்டுக்க."

அன்றைக்கே ஆரம்பித்தாள் வெள்ளச்சி.

முதல் நாள் மொச்சையும் அம்மாவும் ஒரு காட்டுக்கொடியை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இழுத்தார்கள். பத்து இழுப்பில் மொச்சை மல்லாந்து படுத்துவிட்டாள்.

"அம்மா, கை வலிக்கல. வயிறு வலிக்குது" என்றாள்.

வெள்ளச்சி போய் இருவாச்சியிடம் சொன்னாள். "அதுதான் நடு உடம்பு. எந்திரிச்சிருச்சு, கொட்டாவி விடுது. இன்னைக்குப் போதும்" என்றது இருவாச்சி.

அப்புறம் விளாங்காய் சுமந்தாள். அப்புறம் ஓடைக் கல்லைத் தள்ளினாள். கல் நகரவில்லை. நகராத கல்லைத் தள்ளுவதும் நல்லதுதான் என்று பொந்துக்குள்ளிருந்து தகவல் வந்தது. ஒரு நாள் நன்றாகச் செய்வாள். மறுநாள் நேற்றுச் செய்ததையெல்லாம் எங்கேயோ தொலைத்துவிட்டு வந்து நிற்பாள்.

"நேத்து வந்துச்சே, இன்னைக்கு ஏன் வரல? வேணும்னே பண்ணுதா?" என்றாள் சடைச்சி.

வெள்ளச்சி ஓர் இலையைப் பறித்துத் தங்கை வாயில் போட்டாள்.

தன் வாயிலும் போட்டுக்கொண்டாள். காலையில் பத்து இலை, மாலையில் பதினைந்து இலை. மொச்சை முதுகு வளையும்போதெல்லாம் ஓர் இலை. ஒரு பௌர்ணமி போனது. மொச்சைக்குப் பிடிமானம் கொஞ்சம் வந்தது. வெள்ளச்சிக்குத் தொந்தி வந்தது.

அத்திப்பழம் ஒரு நாளைக்கு நான்கு போனது, இரண்டு போனது, பிறகு எப்போதாவது ஒன்று போனது. ஆண் இருவாச்சி சற்று மெலிந்தது.

காலுக்குப் பிடிமானம் வேண்டுமே? உட்காரும் கிளையிலிருந்து ஒரு கொடியை வளையமாகத் தொங்கவிட்டாள் வெள்ளச்சி. மொச்சை உட்கார்ந்தால் பாதம் இரண்டும் அந்த வளையத்தில் ஊன்றும். முதல் தடவை அதில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது மொச்சை சும்மா இருந்தாள். எதையும் பிடிக்கவில்லை. யார்மேலும் சாயவில்லை. கையை முன்னால் கொண்டுவந்து பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி பாக்குற?"

"கை ரெண்டும் சும்மா இருக்கும்மா" என்றாள் மொச்சை.

வெள்ளச்சி அன்று இலை இல்லாமலே வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பௌர்ணமி வந்தது. உட்காரும் நாளும் வந்தது.

கூட்டம் முழுவதும் சுற்றுக் கிளைகளில் உட்கார்ந்தது. தாட்டான் அடிமரத்தில் சாய்ந்து, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டார். முதலில் சுண்டு என்கிற குட்டி வந்தது. உட்கார்ந்தது, உரித்தது, தின்றது, போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. அடுத்ததும் அப்படியே.

"ஈரச்சருகு வருது! ஈரச்சருகு வருது!" என்று குட்டிகள் கத்தின.

மொச்சை வந்தாள். கையில் புளியம்பழம். கிளையில் உட்கார்ந்து, காலை வளையத்தில் வைக்கப் போனாள்.

"நிறுத்து!" என்றார் தாட்டான். "அது என்ன ஊஞ்சல்?"

"கால் வைக்கிறதுக்குங்க, பெரியவரே" என்றாள் வெள்ளச்சி.

"கூடாது! அத அவுத்துப் போடு! எங்க அப்பன் காலத்துலயிருந்து யாரும் அப்படி வச்சதில்ல!"

"பெரியவரே..."

"பேசாத! முடியலைன்னா பிள்ளைய இங்கயே விட்டுட்டு வா. வழக்கத்த மாத்த முடியாது."

வெள்ளச்சியின் வயிற்றில் தொங்கிய சின்னது சிணுங்கியது. மொச்சை அம்மாவைப் பார்த்தாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மரம் வாயைத் திறந்தது.

"பெரியவருக்கு வணக்கம்!" என்றது இருவாச்சி, பொந்துக்குள்ளிருந்து. "ஒரு சந்தேகம். வழக்கம் என்னன்னு ஒரு தடவ சொல்லுங்க, நானும் கேட்டுக்குறேன்."

தாட்டானுக்கு வழக்கம் சொல்லப் பிடிக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டார். "கைய ஊணக் கூடாது. வாலச் சுத்தக் கூடாது. நிமிர்ந்து உக்காந்து ஒரு பழம் உரிச்சுத் திங்கணும்."

"காலு?"

"காலா?"

"காலப் பத்தி என்ன வழக்கம்?"

தாட்டான் யோசித்தார். "காலப் பத்தி ஒண்ணும் கிடையாது. காலுக்கு இதுல என்ன வேலை? உக்காருறது முதுகுல இருக்கு. நான் பதினோரு வருஷமா இந்தக் கிளையில உக்காருறேன். ஒரு கொடி, ஒரு கம்பு, ஒரு பிடிமானம் கேட்டிருப்பேனா?"

"கேட்டதில்லதான். உங்கள மாதிரி உக்காருறவங்க உண்டா! பிள்ளைங்க பாத்துப் பழகுற மாதிரி ஒரு தடவ உக்காந்து காட்டுங்களேன்!"

கூட்டம் "ஆமா! ஆமா!" என்றது. தாட்டான் மறுக்கவில்லை. மொச்சையை நகரச் சொல்லிவிட்டுக் கிளையில் போய் உட்கார்ந்தார். மலை மாதிரி இருந்தார். ஒரு புளியம்பழத்தை எடுத்து, ஓட்டை உடைத்தார்.

"பிரமாதம்!" என்றது இருவாச்சி. "இடது காலுல மறு இருக்கவருதானே நீங்க? அந்தக் காலக் கொஞ்சம் தூக்குங்க."

"எதுக்கு?"

"காலுக்குத்தான் வேலையே இல்லையே. சும்மா இருக்கற காலத் தூக்குறதுல என்ன?"

தாட்டான் சின்னக் கிளையிலிருந்து இடது காலைத் தூக்கினார்.

"இப்ப வலது கால்."

வலது காலையும் தூக்கினார்.

"இப்ப நார உரிங்க!"

தாட்டான் நாரில் விரலை வைத்தார். வயிறு முன்னால் போனது. அதைப் பிடிக்க முதுகு பின்னால் போனது. முதுகைப் பிடிக்கக் கை போகப் பார்த்தது. கை ஊன்றக் கூடாது என்று அவரே இப்போதுதான் சொல்லியிருந்தார்.

"நிமிருங்க பெரியவரே!" என்று கத்தினாள் சடைச்சி, நல்லெண்ணத்தில்.

அதோடு அவர் போய்விட்டார்.

இருவாச்சியின் சன்னலை முதலில் இரண்டு கால்கள் தாண்டின. பிறகு வயிறு தாண்டியது. அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசியாக முகம் தாண்டியது.

"ஓ, இதுதான் உங்க மூஞ்சியா! நூறு நாளுல இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றது இருவாச்சி.

தொப்பென்று சத்தம் கேட்டது. ஆற்றுத் தண்ணீர் மேலே வரைக்கும் தெறித்தது.

கூட்டம் முழுவதும் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இலைகளில் அன்றைக்குப் பார்க்க நிறைய இருந்தது போலிருக்கிறது. தாட்டான் நீந்தி, கரையேறி, மரமேறி வந்தார். நீர் சொட்டியது.

"காத்து" என்றார்.

ஓர் இலைகூட அசையவில்லை.

"ஆமாங்க, காத்துதான்" என்றாள் வெள்ளச்சி. "பிள்ளைய உக்காரச் சொல்லட்டுங்களா?"

தாட்டான் சின்னக் கிளையைக் குனிந்து பார்த்தார். பிறகு கொடி வளையத்தைப் பார்த்தார். பிறகு மொச்சையின் காலைப் பார்த்தார். அவள் பிறந்து இத்தனை நாளில் அந்தக் காலை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"உக்காரட்டும்" என்றார்.

மொச்சை உட்கார்ந்தாள். வளையத்தில் பாதம் இரண்டையும் ஊன்றினாள். பழத்தை எடுத்தாள்.

முதல் அழுத்தில் ஓடு உடையவில்லை. இரண்டாவது அழுத்தில் ஓடும் பழமும் சேர்ந்து நசுங்கின. நசுங்கியதிலிருந்து ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. பாதத்தை அழுத்தினாள். உடம்பு திரும்பி வந்தது. நாரை உரித்தாள். நார் விரலில் ஒட்டிக்கொண்டது. அதை உதறும்போது மறுபடி சாய்ந்தாள்.

சடைச்சி வாயைத் திறந்தாள். வெள்ளச்சி திரும்பிப் பார்க்காமலே ஓர் இலையை நீட்டினாள். சடைச்சி வாங்கி மென்றாள்.

நேரம் போனது. சுண்டுவுக்கு ஆனதைப் போல ஐந்து மடங்கு நேரம். ஒரு கொட்டை. இன்னொரு கொட்டை. கடைசிக் கொட்டையை மொச்சை துப்பினாள். அது போய்த் தாட்டானின் வயிற்றில் ஒட்டியது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்குக் குறி வைக்கவும் வராது.

"முடிஞ்சுதுங்க, பெரியவரே" என்றாள் மொச்சை. உடம்பு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

தாட்டான் கொட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, "போகலாம்" என்றார்.

அதற்குள் சுண்டு வந்து, "அந்த வளையத்துல நானும் ஒரு தடவ காலை வச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டது. அதற்குப் பின்னால் நான்கு குட்டிகள் நின்றன.

மறுநாள் காலையில் கூட்டம் ஆற்றைத் தாவியது. வெள்ளச்சி சின்னதை வயிற்றில் வைத்துக்கொண்டு முன்னால் தாவி, அக்கரைக் கிளையில் நின்று திரும்பிப் பார்த்தாள். மொச்சை ஓடி வந்தாள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், வால் வேறு பக்கம். தாவினாள். கிளையில் வயிறு அடிக்க விழுந்தாள். கிளை ஆடியது. அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, காட்டுக்கொடியை இழுத்த மாதிரியே தன் உடம்பை இழுத்து மேலே போட்டுக்கொண்டாள்.

அழகான தாவல் என்று சொல்ல முடியாது. ஆனால் இப்போது சிறுத்தை ஒரு கரையில் இருந்தது, மொச்சை மறு கரையில் இருந்தாள்.

எல்லோரும் போன பிறகும் தாட்டான் போகவில்லை. மெதுவாக இறங்கிப் பொந்துக்குப் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கரையில வேற ஒரு மந்திக் கூட்டம் இருக்கு. அங்க ஒரு தாட்டான் இருக்கான். நேத்து நடந்தது அவன் காதுக்குப் போச்சுன்னா நான் தலை நிமிர முடியாது."

"நான் மரத்துக்குள்ள அடைபட்டுக் கிடக்குறவ. நான் யார்கிட்டச் சொல்லப் போறேன்?" என்றது இருவாச்சி.

தாட்டான் நிம்மதியாகத் தாவிப் போனார்.

அடுத்த வாரம் இருவாச்சி அலகால் மண்ணைக் கொத்திக் கொத்தி வாசலை உடைத்தது. வெளியே வந்தது. சிறகை இரண்டு தடவை உதறிப் பார்த்தது. நேராக ஆற்றைத் தாண்டிப் பறந்து, அந்த இன்னொரு மந்திக் கூட்டத்தின் மரத்தில் போய் உட்கார்ந்தது. அங்கே மூன்று குட்டிகளைக் கொடி போட்டு அடிமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். இருவாச்சி நடந்த கதையைத் தாட்டான் விழுந்த இடத்திலிருந்து ஆரம்பித்தது. அங்கிருந்து ஆரம்பித்தால்தான் கேட்பார்கள் என்று அதற்குத் தெரியும். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய்மார்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளையின் காலைப் பார்க்கிற மட்டும் இருந்துவிட்டு, இருவாச்சி பறந்து போனது.

நிமிர்ந்து உட்காராத பிள்ளையைச் சோம்பேறி என்று அதட்டுவதற்கு முன்னால், அதன் கால் எதன்மேல் ஊன்றியிருக்கிறது என்று பெரியவர்கள் ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும்.